தெற்கே தலை வைத்தவர்கள்

குணவதிக்குத் தூங்கத் தெரியவில்லை என்று கம்பெனி கண்டுபிடித்துச் சொன்னது. நாற்பது வயதைத் தாண்டியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்குச் சோறு அள்ளித் தின்னத் தெரியவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

கோயம்புத்தூருக்கு வெளியே பம்பு செய்கிற கம்பெனி அது. குணவதி அங்கே ஏற்றுமதி மேலாளர். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு பம்பு கேட்டைத் தாண்டாது. இங்கே ஊர் அடங்குகிற நேரத்தில்தான் பிரேசில்காரன் சாவகாசமாகப் போனை எடுப்பான். அவனோடு மல்லுக்கட்டி முடித்தால் விடிவதற்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருக்கும். கணவர் மஸ்கட்டில், மகன் திருச்சியில் விடுதியில். கேட்க ஆளில்லாத வீட்டில் அவள் தூங்கினாலென்ன, தூங்காவிட்டாலென்ன என்று பல வருஷம் ஓடிப்போயிற்று.

அப்புறம் வார்ப்படப் பிரிவில் அந்த விபத்து நடந்தது. உலையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சூப்பர்வைசர் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். கொதிக்கிற இரும்பு கவிழ்ந்து இரண்டு பேர் அங்கேயே வெந்து போனார்கள். கம்பெனி பதறிப்போய் ஒரு விதி போட்டது. பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டுப் படுக்கையறையிலும் இனி ஒரு உறக்கத் தட்டு இருக்கும். அவர் எப்படித் தூங்கினார் என்று அது மதிப்பெண் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பும். மதிப்பெண் சரிந்தால் பதவியும் சரியும். ஆலைத் தலைமைப் பதவி குணவதியின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருந்த சமயம் அது. அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பொம்பளை உட்கார்ந்ததில்லை.

தட்டை மாட்ட வந்தவர் பெயர் சகாயராஜ். சோற்றுத் தட்டு அளவில் வெள்ளையாக ஒன்றை எடுத்து, அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் ஜன்னல், தெற்கே பால்கனிக்குப் போகிற கண்ணாடிக் கதவு. மிச்சம் வடக்குச் சுவர்தான்.

"என்ன தம்பி பண்ணும் இது? மயக்கம் கியக்கம் குடுக்குமா?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. தூங்கறப்போ மூளை ஒரு மெதுவான தாளத்துல ஓடுமுங்க. நேரத்துக்குப் படுத்துப் பழகினவங்களுக்கு அது தானா வந்துரும். வராதவங்களுக்கு இது அந்தத் தாளத்தைப் போட்டுக் குடுக்கும். ஊஞ்சலை லேசாத் தள்ளி விடற மாதிரி. கிட்டத்துல எந்தத் தலை இருக்குதோ அதை இதுவே தேடிப் பிடிச்சுக்கும். நாளாக நாளாக அந்தத் தலைக்குத் தக்கன கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கும்." சுவரில் ஆணி அடித்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. தலை இந்தச் சுவத்தை ஒட்டி இருக்கோணும். ஒரு முழத்துக்கு மேல தள்ளிப் போனா வேலை செய்யாது."

"சரிங்க தம்பி" என்றாள் குணவதி. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அறைக்கு வந்து, தலையணையைத் தூக்கிக் கட்டிலின் தென்கோடியில் போட்டாள்.

வடக்கே தலை வைத்துப் படுப்பதா? இன்ஜினியரிங் படித்தவள், செவ்வாய்க்கிழமையில் நகம் வெட்டுகிறவள், பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தாதவள். ஆனாலும் இது மட்டும் ஆகாது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. மஸ்கட்டில் இருக்கிற மனுஷனின் ஆயுசை நினைத்தாளோ என்னவோ. புத்தி ஒத்துக்கொண்டாலும் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. கால்மாட்டில் தட்டு தொங்க, தெற்கே தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். மதிப்பெண் வராவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் மதிப்பெண் வந்ததே! ஒரு வாரம் சும்மா இருந்த போன், அடுத்த வாரம் காலையில் பச்சைப் பசேலென்று எழுத்துக் காட்டியது. 'மிக நன்றாகத் தூங்கினீர்கள். வாழ்த்துகள்.' குணவதி வாய்விட்டுச் சிரித்தாள். முந்தின நாள் ஹாலில் உட்கார்ந்து பிரேசில்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தை எல்லாம் ஆழ்ந்த உறக்கம் என்று அது கணக்கில் போட்டிருந்தது. நல்ல மிஷின்டா சாமி! கெட்டுப்போனதும் நமக்குச் சாதகமாகக் கெட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். ஆலைக் கணக்கு ஒன்று தப்பாக இருந்தால் தலைகீழாக நின்று காரணம் தேடுகிறவள், இதற்கு மட்டும் காரணம் தேடவில்லை. தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் ரேணுகாதேவி இருந்தாள். ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டே வேலை. கட்டியவன் ஈரோட்டுக்குத் தனியாகப் போய்விட்டான். நாலு வயதில் ஒரு மகள், தூரிகா. அம்மா கடையிலிருந்து வர நேரமானால், பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா அவளை இங்கே விட்டுவிட்டுப் போவாள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். குணவதி லேப்டாப்பைத் திறந்தால் மடியில் ஏறிக்கொள்வாள்.

"பெரீம்மா, இந்தப் பம்பு எங்க போகுது?"

"பிரேசிலுக்குடி கண்ணு."

"அங்க தண்ணி இல்லியா? குடத்துல கொண்டு போகச் சொல்லுங்க."

அவள் பேச்சைக் கேட்டால் அலுப்பெல்லாம் போய்விடும். சொந்த மகன் போனில் இரண்டு வார்த்தை பேசினாலே பெரிய காரியமாக இருந்த குணவதிக்கு, இந்தக் குட்டிதான் அந்த வீட்டில் சத்தம்.

தட்டு மாட்டிக் கொஞ்ச நாள் கழித்து ரேணுகா பூரித்துப்போய்ச் சொன்னாள். "இப்பெல்லாம் அம்மிணி தகராறே பண்றதில்லீங்க்கா. தலையச் சாச்ச ஒடனே தூங்கிர்றா. நானும் கொஞ்சம் கண்ண மூடறேன்."

அந்தப் பூரிப்பு நிலைக்கவில்லை. காலையில் எழுப்பினால் குழந்தை எழுவதில்லை. எழுந்தாலும் சுவரில் சாய்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் புகார் சொன்னார். சாப்பாட்டை வாயில் வைத்தபடியே தூங்கினாள். வாயாடி, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் அதுவும் குறைந்தது. ஒருநாள் மடியில் உட்கார்ந்து பம்பு படத்தைப் பார்த்தவள் எதுவுமே கேட்கவில்லை. 

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே போன நாலாம் நாள் குழந்தை வார்டெல்லாம் ஓடி ஆடிப் பேசியது. வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள், மறுபடியும் வாடிப் போனது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தெளிவு. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் தெளிகிற குழந்தை அம்மாவிடம் வந்தால் மயங்குகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? வேலைக்குப் போகிற தனியாள், அலுத்து வருகிறாள், குழந்தையைப் படுக்கப்போட ஏதோ கொடுக்கிறாள். டாக்டர்கள் வாய்திறந்து சொல்லுமுன்னே குடியிருப்பே சொல்லிவிட்டது. லிஃப்ட்டில் ரேணுகா ஏறினால் பேச்சு நின்றுபோகும்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். குணவதி கண்ணால் கண்டதைச் சொன்னாள். "சமையல்கட்டு ஜன்னல்ல சளி மருந்து பாட்டில் ஒண்ணு பாத்தேனுங்க. பாதி காலியா இருந்துச்சு." உண்மைதான். சளி பிடித்தபோது வாங்கியது. ஆனால் அந்த அம்மா பேனாவை எடுத்த வேகத்தைப் பார்த்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இருந்தது. சொன்னதை எப்படித் திரும்ப விழுங்குவது?

குழந்தை யாரிடம் இருப்பது என்று முடிவு கட்டுகிற விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம், வருஷாந்திர சர்வீஸுக்காகச் சகாயராஜ் வந்தார். படுக்கையறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னங்க்கா, தலையணை இந்தப் பக்கம் கெடக்குது?"

"எனக்கு வடக்க தலை வச்சா ஒத்துக்கலீங்க தம்பி. ஆனா மதிப்பெண் நல்லாத்தானே வருது!"

அவர் தட்டைத் தொடாமல், கையில் இருந்த சின்னத் திரையைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது.

"உங்க தலை இதுக்கு எட்டவே எட்டாதுங்க்கா. ஆனா இது வருஷம் பூரா ஒரு தலையைப் பிடிச்சு வேலை செஞ்சிருக்குது. இப்பக் கூடப் பிடிச்சிருக்குது." சுவரில் விரலால் தட்டினார். "இந்தச் செவுரெல்லாம் இதுக்கு ஒரு தடையே இல்லீங்க. அந்தப் பக்கம் யாரு படுத்திருக்காங்க?"

அந்தப் பக்கம் ரேணுகா வீடு. அந்த வீட்டுக்கு இது தெற்குச் சுவர். ரேணுகாவும் நல்லது கெட்டது தெரிந்தவள்தான். மகளின் குட்டிக் கட்டிலைத் தெற்கே தலைமாடு வருகிற மாதிரி, இந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுக் குழந்தைங்க தம்பி" என்றாள்.

"எத்தனை வயசு?"

"அஞ்சு."

சகாயராஜ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இது பெரியவங்களுக்குன்னு செஞ்சதுங்க்கா. தூக்கம் வராத பெரியவங்களுக்கு. தூங்கற கொழந்தைக்கு மேல இதைப் போட்டா... தள்ளிட்டே இருக்கற ஊஞ்சல்ல இருந்து எப்படிங்க எறங்கும் அது?"

"அதுக்கு இனிமேல் ஏதாச்சும் ஆகுமா? சொல்லுங்க தம்பி, ஏதாச்சும் ஆகுமா?"

"தள்ளிப் படுக்க வச்சாத் தெளிஞ்சுரும். இப்பவே கழட்டிர்றேன். ஆனா ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகோணும். இத்தனை நாள் போன மதிப்பெண் உங்களுது இல்லைன்னு."

அடுத்த வாரம் ஆலைத் தலைமைக்கு நேர்காணல். பன்னிரண்டு பேர் கொண்ட குழு முன்னால் அவள் உட்கார வேண்டும். தூங்காமலே தூங்கியதாகக் கணக்குக் காட்டியவள் என்று பெயர் வந்தால், பதவி கிடக்கட்டும், இருக்கிற வேலையே இருக்காது. இரண்டு பேர் வெந்து செத்த ஆலை அது, மன்னிக்கவே மாட்டார்கள்.

"ஒரு வாரம் பொறுங்க தம்பி" என்றாள். தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. "கழட்ட வேண்டாம். கட்டிலை நான் நகர்த்தச் சொல்லிர்றேன். இன்னைக்கே. அப்புறம் நானே ஆபீஸ்ல சொல்றேன்."

சகாயராஜ் அரைமனதோடு எழுந்தார். "கொழந்தை விஷயமுங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே அவள் ரேணுகா வீட்டுக்குப் போனாள். கட்டிலை அந்தப் பக்கச் சுவருக்கு நகர்த்து என்றாள்.

"அங்க போட்டா வடக்க தலை வருமேங்க்கா? இருக்கற கஷ்டம் போதாதா?"

"கெழக்க பாத்தாச்சும் போடு. காத்தோட்டமா இருக்கும்." என்று தலைமாட்டைப் பிடித்தாள் குணவதி. இரண்டு பேரும் கட்டிலை இழுத்தார்கள். அதில் தூங்கிக்கொண்டிருந்த தூரிகா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

ஒரு வருஷமாக ஏறிய தூக்கம் ஒரே நாளில் இறங்குமா? விசாரணை அறையில் தூரிகா அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தாள். எதிர் நாற்காலியில் ஈரோட்டுக்காரன் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். சளி மருந்தைப் பற்றிக் கேட்டார்கள், குணவதி சொன்னாள்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று தலைவர் கேட்டார். நல்ல மனுஷர். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

குணவதி ரேணுகாவைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான். அது தொண்டை வரைக்கும் வந்தது, நிஜமாகவே வந்தது.

"இல்லீங்க" என்றாள்.

குழந்தை ஈரோட்டுக்குப் போயிற்று. போன நாலைந்து நாளில் பழையபடி துள்ளிக் குதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அம்மாதான் ஏதோ கொடுத்திருக்கிறாள் என்று ஊரே முடிவு கட்டியது. இதையெல்லாம் வந்து சொல்லிவிட்டு ரேணுகா, குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்ததைத்தானே சொன்னீங்க்கா. உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல." அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் குணவதி செத்தாள்.

நேர்காணல் நன்றாக நடந்தது. ஆலைத் தலைமைப் பதவியும் கிடைத்தது. சகாயராஜைப் போனில் கூப்பிட்டு, தலையணையை மாற்றிக்கொண்டேன், குழந்தையும் ஊருக்குப் போய்விட்டது, நீங்கள் வர வேண்டாம் என்றாள். அதில் பொய் கிடையாது. அந்த வாரம் அவள் உண்மையாகவே வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தாள். ஆனால் புதுப் பதவியில் படுக்கிற நேரமே விடிகிற நேரமாக இருந்தது. மதிப்பெண் சடசடவென்று இறங்கியது. மனிதவளப் பிரிவிலிருந்து அக்கறையாக ஒரு தகவல் வந்தது. ஏதாவது பிரச்சினையா மேடம் என்று.

அப்புறம் ஒருநாள் காலை, அவள் எழுந்து குளித்துத் தலையைத் துவட்டும்போது போன் பச்சை காட்டியது. 'ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறீர்கள்.'

துண்டோடு அப்படியே நின்றாள். அன்று சாயங்காலம் ரேணுகாவே வந்து சொன்னாள். "அம்மிணி கட்டிலைப் பழையபடி போட்டுட்டேனுங்க்கா. அவ வந்தா எடம் மாறியிருக்கேன்னு அழுவா. வெறுமன கெடக்குதேன்னு நானே அதுல முடங்கிக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுல படுத்தாத் தூக்கம் வருதுங்க்கா. செத்த மாதிரி வருது. புள்ளையப் பறிகுடுத்தவளுக்குத் தூக்கம் வருமா? அப்ப நான் நெஜமாவே கெட்ட அம்மாதானா? அவங்க சொன்னது சரிதானா?"

"அப்படியெல்லாம் நெனைக்காத" என்றாள் குணவதி. அதைச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது.

ரேணுகா போன பிறகு குணவதி படுக்கையறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பாவம், எவ்வளவு அலைந்தவள். பெரியவள்தானே, குழந்தை இல்லையே. தூங்கட்டும், தூங்கினால் மனசு ஆறும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, தன் தலையணையை எடுத்து மறுபடியும் தெற்கே போட்டாள்.

மதிப்பெண் ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்து நிர்வாக இயக்குநர் அசந்துபோனார். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் இப்படித் தூங்குகிறவர் கம்பெனியிலேயே வேறு யாரும் இல்லை என்று, எல்லாக் கிளை மேலாளர்களையும் சனிக்கிழமை காலை வரவழைத்தார். 'வேலைப்பளுவிலும் நல்ல உறக்கம்' என்று தலைப்பு. பேசப்போவது குணவதி.

வெள்ளிக்கிழமை ரேணுகா ஒரு மஞ்சள் கவுனோடு வந்தாள். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு. "நாளைக்குப் பத்து மணிக்கு அம்மிணியப் பாக்க விடறாங்க்கா. மாசத்துக்கு ஒரு தடவை. நேரத்துக்குப் போகாட்டி, அக்கறை இல்லைன்னு எழுதிருவாங்களாம். இப்பெல்லாம் அலாரம் வச்சாலும் எனக்கு எந்திரிக்க முடியறதில்ல. காலைல ஒரு சத்தம் குடுத்து எழுப்பி உடறீங்களா?"

"எழுப்பறேன் போ."

எழுப்பப் போகவும் செய்தாள், அதை இல்லையென்று சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் மணியை அழுத்தினாள். உள்ளே அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கீழே கம்பெனிக் கார் ஹாரன் அடித்தது. திரும்பித் தன் வீட்டுக்குள் போய் அந்தத் தட்டின் ஒயரை உருவினால் போதும், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள். ஆனால் உருவினால் கணக்கு அறுந்துபோகும். இன்றைக்கென்று பார்த்தா அறுபட வேண்டும்? அலாரம் அடிக்கிறதே, எழுந்துவிடுவாள், எழாமலா இருப்பாள் என்று சொல்லிக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அவள் முதல் பழக்கத்தைச் சொல்லி முடித்தாள். தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்பது அது. கைதட்டினார்கள். அப்போது நிர்வாக இயக்குநர் உற்சாகமாக எழுந்தார். "மேடத்தோட கணக்கை நேராவே பாத்துரலாமே!" என்று கம்ப்யூட்டர் பையனுக்குக் கைகாட்டினார். அவளுக்குப் பின்னால் இருந்த பெரிய திரை பச்சையாக மாறியது.

'குணவதி. இப்போது: ஆழ்ந்த உறக்கம்.'

ஒரு நொடி எல்லோரும் முழித்தார்கள். அடுத்த நொடி அரங்கமே வெடித்துச் சிரித்தது.

"ஏனுங்க மேடம், நின்னுட்டே தூங்கறீங்களா?" என்று இயக்குநர் கேட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று யாரோ சொன்னார்கள்.

குணவதி எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தைத் தாண்டியிருந்தது. எங்கோ ஒரு அலுவலக வராந்தாவில் தூரிகா உட்கார்ந்திருப்பாள். அம்மா எங்கே, அம்மா ஏன் வரவில்லை என்று வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அவளுக்குத்தான் பேச்சு திரும்பிவிட்டதே.

திரை பச்சையாகவே இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குணவதியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டு, "ரெண்டாவது பழக்கம்" என்றாள். "படுக்கற எடத்தை அடிக்கடி மாத்தாதீங்க."